நூல் பிடித்து ஓடிய வண்டி

பள்ளி மாணவர்களுக்கான சூரிய மின் வண்டிப் போட்டி. அதன் விதி ஒரே தாளில் அடங்கிவிட்டது. பேட்டரி 1.25 கிலோவாட் மணிக்கு மேல் கூடாது. சோலார் பேனல் 200 வாட்டுக்குள். ஓட்டுவது பள்ளி மாணவராக இருக்கவேண்டும், எடை 50 கிலோவுக்குக் குறைந்தால் மீதியை மூட்டையாகக் கட்டி ஏற்றவேண்டும். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஆறு மணி நேரத்தில் யார் அதிக தூரம் ஓடுகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. தஞ்சாவூருக்கு மேற்கே வல்லம் பக்கம் ஒரு கல்லூரி வளாகத்துக்குள் 1.3 கிலோமீட்டர் சுற்று. வேகமாக ஒரு சுற்று வந்ததற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது.

எனக்குப் பாபநாசம் பக்கம் வெல்டிங் பட்டறை. டிராக்டர் சேற்றில் உழ மாட்டுகிற கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் கட்டுவது, அறுவடை மெஷினில் உடைந்ததை ஒட்டுவது, கோயில் கிரில், வீட்டு கேட் என்று பிழைப்பு. நான் படித்த அரசுப் பள்ளியின் இயற்பியல் சார்தான் அந்தத் தாளோடு வந்து நின்றார். "ஏம்ப்பா, சைக்கிள் சக்கரத்துல ஒரு காரு கட்டிக் குடுப்பியா?" என்றார். "நான் கட்டலை சார், பிள்ளைங்க கட்டட்டும். நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றேன். கேஜ் வீல் சீசன் முடிந்து அறுவடை தொடங்குவதற்குள் பட்டறையில் கொஞ்சம் மூச்சு விட முடியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த இடைவெளியில்தான் வண்டி உருவானது.

பத்தாம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர். அவர்களுக்கு சார் முதலில் காட்டியது ஆஸ்திரேலியாவின் சூரியக் கார் ஓட்டத்தை. டார்வினிலிருந்து அடிலெய்டு வரை சுமார் 3,000 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் கிளம்பி டெல்லியைத் தாண்டிப் போகிற தூரம். 1987-ல் நடந்த முதல் ஓட்டத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் சன்ரேசர் மணிக்குச் சராசரி 67 கிலோமீட்டரில் போய் ஜெயித்திருக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸைச் சுற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சூரியக் கார் போட்டி 1990-களிலிருந்து நடக்கிறது, சில வருடம் ரேஸ் டிராக்கில் சுற்றுக் கணக்கு, சில வருடம் ஊர்விட்டு ஊர். எனக்கு என்னவோ ஷெல் எக்கோ மாரத்தான் கதைதான் பிடித்தது. 1939-ல் இல்லினாயில் ஷெல் ஆராய்ச்சிக்கூடத்து ஆட்கள், ஒரே அளவு பெட்ரோலில் யார் வண்டி அதிக தூரம் போகும் என்று தங்களுக்குள் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். அது வளர்ந்து 1985-ல் பிரான்சில் மாணவர் போட்டியாகிவிட்டது. நம் தாளும் அந்தப் பந்தயத்தின் வாரிசுதான். அதிக தூரம், குறைந்த சக்தி.

பிள்ளைகளுக்குக் கல்லணையிலிருந்து பூம்புகார் வரை ஓட்டிப் பார்க்க ஆசை. திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பொதுச்சாலையில் ஓட்ட முடியாது. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகம் என்றால் பதிவு தேவையில்லை என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அதற்கும் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் சான்று வேண்டும் என்பதைச் சொல்லமாட்டார்கள். பட்டறையில் ஒட்டிய வண்டிக்கு ஏது சான்று? ஆகவே பள்ளி மைதானம், அப்புறம் தெரிந்தவர் ஒருவரின் அரிசி மில் களம். நெல் காயப்போடுகிற சிமென்ட் களம்தான் கடைசியில் எங்களுக்குப் பெரிய உபகாரம் செய்தது.

முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. பின்சக்கரத்திலேயே மோட்டார். வழக்கமாக நான் பிரேமுக்கு எடுப்பது ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப், 16 கேஜ். மீட்டருக்கு 1.17 கிலோ வருகிறது. முக்கால் இஞ்ச், 18 கேஜ் என்றால் மீட்டர் 670 கிராம்தான். இருபது மீட்டர் பைப் போகிற பிரேமில் பத்து கிலோ மிச்சம். ஆனால் 18 கேஜ் என்பது 1.2 மில்லி தகடு, ஆம்பியர் கொஞ்சம் ஏறினால் ஓட்டை விழும். 2 எம்எம் ராடு, 50 ஆம்பியரை ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரே இழுப்பில் போகாமல் பொட்டுப் பொட்டாக வைத்து, ஒரு மூலை ஆறுவதற்குள் எதிர் மூலைக்குப் போய்விட வேண்டும். வெல்டிங் மட்டும் என் கை. அறுப்பது, அரம் போடுவது, ரசமட்டம் பார்ப்பது எல்லாம் பிள்ளைகள். மூலைவிட்டம் இரண்டும் சமமாக இருக்கிறதா என்று டேப் பிடித்துப் பார்க்காமல் ஒரு மூலையையும் முழுதாக ஒட்டவில்லை.

முன்சக்கரம் 20 இஞ்ச் சைக்கிள் ரிம். சைக்கிளில் அச்சை இரண்டு பக்கமும் கவட்டை பிடித்துக்கொள்ளும். இங்கே ஒரு பக்கம்தான் பிடி, சாதா சைக்கிள் அச்சு வளைந்துவிடும். அதனால் லேத்தில் புது ஹப் கடைந்து, ஒரு சக்கரத்துக்கு இரண்டு 6001 பேரிங், 12 மில்லி ஹை டென்சில் போல்ட். சக்கரம் இடம் வலமாகத் திரும்ப அச்சாக நிற்கிற கிங்பின்னுக்குப் பழைய சைக்கிளின் ஹேண்டில் குழாயையும் அதன் கிண்ணம், குண்டுகளையும் அப்படியே எடுத்துக்கொண்டோம். பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கியதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

மோட்டாரும் பழசு. விபத்தில் நொறுங்கிய ஒரு மின் ஸ்கூட்டரின் ஹப் மோட்டார், 48 வோல்ட். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடுகிற கன்ட்ரோலரை மாட்டித் திராட்டிலை முறுக்கினால் வெட்டி வெட்டி இழுத்தது, சில சமயம் நடுங்கிவிட்டு நின்றது. இப்படி ஆனால் முதலில் பார்க்கவேண்டியது ஹால் சென்சார், மோட்டாரின் காந்தம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது. உள்ளே மூன்று இருக்கும். 5 வோல்ட் கொடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு சிக்னல் வயரிலும் மல்டிமீட்டர் வைத்தால் 0, 5, 0, 5 என்று மாறி மாறி வரவேண்டும். மஞ்சள் வயர் மாறவே இல்லை. மூடியைக் கழற்றினால் உள்ளே துரு. எப்போதோ வெள்ளத்தில் நின்ற வண்டி போலிருக்கிறது. மோட்டாரைப் பிரிக்கும்போது விரலை இடுக்கில் வைக்கவே கூடாது. காந்தம் இழுத்துக்கொண்டு மூடினால் நகம் போய்விடும். பிள்ளைகளை இரண்டடி தள்ளி நிறுத்திவிட்டுத்தான் புல்லர் போட்டேன். ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே போகும் என்பதால் மூன்று சென்சாரையும் மாற்றி, அரால்டைட் வைத்து, துருவைத் தேய்த்து, வார்னிஷ் அடித்து மூடினோம். சத்தமே இல்லாமல் ஓடியது.

உடம்புக்கு என்ன போடுவது என்று பேச்சு வந்தபோது பைபர் என்றார்கள். காசுக்கும் ஆகாது, அந்தப் பிசின் வாடையில் பிள்ளைகளை வேலை செய்யவிடவும் மனசில்லை. பந்தல் போடுகிற அண்ணன் ஒருவர் மூங்கிலைப் பிளாச்சுப் பிளாச்சாகப் பிளந்து, தணலில் வாட்டி வளைத்துக் கொடுத்தார். மூக்கு கூர்மையாக, வால் ஒடுங்கி, ஒரே மாலையில் எலும்புக்கூடு தயார். அதன்மேல் பழைய பிளெக்ஸ் பேனரை இழுத்து ஒட்டினோம், வெள்ளைப் பக்கம் வெளியே. யாரோ வீட்டுக் காதணி விழா பேனர் அது. அச்சடித்த பக்கம் உள்ளே இருந்ததால் ஓட்டுகிற பிள்ளையின் முகத்துக்கு நேரே "வருக! வருக!" என்றும், முழங்காலுக்குப் பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்ட தாய்மாமன் இரண்டு பேரும். சோதனைக்கு வந்த கல்லூரிக்காரர்கள் குனிந்து பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை.

பேனல் 100 வாட் இரண்டு. ஒன்றைத் தலைக்கு மேல் கூரையாக வைத்தோம், ஓட்டுகிறவருக்கு நிழலும் ஆச்சு. இன்னொன்று பின்னால், மோட்டாருக்கு மேல். முதலில் இரண்டையும் தொடராக இணைத்து ஒரே சார்ஜ் கன்ட்ரோலர் போட்டிருந்தோம். பேட்டரி 51 வோல்ட், பேனல் இரண்டும் சேர்ந்தும் 36 வோல்ட்தான், அதனால் வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கிற வகை வேண்டும். மைதானத்தில் வட்டமடிக்கும்போதுதான் தெரிந்தது, வண்டி ஒரு திசைக்குத் திரும்பினால் கூரையின் நிழல் பின் பேனலில் பாதிக்கு விழுகிறது. பாதி நிழல், பாதி மின்சாரம் என்றாலாவது பரவாயில்லை, மொத்தமுமே படுத்துக்கொண்டது. தொடரில் ஒரு பேனல் தடுமாறினால் மற்றதும் தடுமாறும். தனித்தனியாக இரண்டு சின்னக் கன்ட்ரோலர் போட்டதும் கூரைப் பேனல் தன் வேலையைப் பார்த்தது. பேனலில் எழுதியிருக்கிற 100 வாட் என்பதையும் நம்பி உட்காரக் கூடாது. அது செல்லின் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது கிடைப்பது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் அளவுக்குக் குறையும். நம் ஊர் வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தொடும், 14 வாட் அங்கேயே போச்சு. பேனல் படுத்த வாக்கில் இருப்பதால் வேறு குறையும். உச்சி வெயிலில் ஒன்றுக்கு 80 வாட் பார்த்தோம்.

இனி களத்து விஷயத்துக்கு வருகிறேன். மற்றதையெல்லாம் நாலு பேரிடம் கேட்டால் சொல்வார்கள். இதற்குத்தான் இந்தப் பதிவே.

வண்டி ஓடியது, ஆனால் இழுத்துக்கொண்டு ஓடியது. மைதானத்தில் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு 6 ஆம்பியர் குடித்தது. 24 ஆம்பியர் மணி பேட்டரி நாலு மணி நேரத்தில் காலி. பையன்கள் உடனே பெரிய மோட்டார் என்றார்கள். ஒருவன் கன்ட்ரோலரை மாற்றலாம் என்றான். சார் மட்டும், "தள்ளிப் பாத்தீங்களாடா?" என்று கேட்டார்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இது. லோடு ஏற்றுகிற பலகையை வைத்து ஒரு சரிவு கட்டினோம், 30 சென்டிமீட்டர் உயரம். மோட்டார் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஆளை உட்காரவைத்து, வண்டியை அந்த உயரத்திலிருந்து தள்ளாமல் விட்டுவிட வேண்டும். சமதளக் களத்தில் எவ்வளவு தூரம் உருண்டு நிற்கிறது என்று டேப் பிடிக்க வேண்டும். உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் உருளும்போது சக்கரம் காட்டுகிற எதிர்ப்பின் எண். வண்டி எடை அதில் கழிந்துவிடுகிறது. வேகம் ஒன்பது கிலோமீட்டர்கூட வராது என்பதால் காற்றின் தொந்தரவும் பெரிதாக இல்லை. 30 சென்டிமீட்டர் பலகையும் ஒரு டேப்பும் போதும், மீட்டர் எதுவும் வேண்டாம்.

முதல் தடவை 16 மீட்டரில் நின்றது. 0.3-ஐ 16-ஆல் வகுத்தால் 0.019. நல்ல சைக்கிள் டயருக்கு 0.008 பக்கம் வரவேண்டும் என்றார் சார்.

டயரில் காற்று பார்த்தோம், 35 பவுண்டுதான் இருந்தது. டயர் ஓரத்தில் போட்டிருக்கிற எல்லைக்குள் 60 வரை ஏற்றினோம். இடது பிரேக் கட்டை ரிம்மில் லேசாக உரசிக்கொண்டிருந்தது, அதையும் விலக்கினோம். 21 மீட்டர். அதற்கு மேல் நகர மறுத்தது. பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி மெல்லிய ஆயில் போட்டும் பார்த்தாயிற்று, அரை மீட்டர்கூட ஏறவில்லை.

சக்கரம் நேராக இருக்கிறதா என்பதை நான் முன்பே நூல் பிடித்துப் பார்த்திருந்தேன். வண்டிக்கு இரண்டு பக்கமும், நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில், ஹப் உயரத்துக்கு நைலான் நூலை விறைப்பாகக் கட்டவேண்டும். நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இரும்பு ஸ்கேல் வைத்து அளக்கவேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சக்கரம் நேர். கொத்தனார் சுவர் பார்க்கிற அதே வேலைதான். எங்கள் வண்டியில் அரை மில்லி வித்தியாசம்கூட இல்லை.

எண்களை எழுதி வைக்கிற நோட்டு பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் இருந்தது. அவளை எல்லோரும் கணக்குப்பிள்ளை என்றே கூப்பிடுவோம். அவள்தான் நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, நூல் புடிச்சப்ப வண்டில யாரும் உக்காரலையே. ஆள் ஏறினா அந்த நூல் எங்க நிக்கும்?"

மறுபடி நூல் கட்டினோம். அவளையே உள்ளே உட்காரச் சொன்னோம். நான் மண்டியிட்டு ஸ்கேலை வைத்தேன். முன்விளிம்பு நூலை நோக்கி வந்திருந்தது, பின்விளிம்பு விலகியிருந்தது. ஒரு பக்கத்துக்கு 9 மில்லி. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் அங்கேயும் அதே 9. அவளை இறங்கச் சொன்னேன், ஸ்கேல் முனையில் ரிம் கண் முன்னாலேயே நகர்ந்து பழைய இடத்துக்கு வந்தது. ஏறினாள், மறுபடி விரிந்தது. எட்டுப் பேரும் வரிசையாக வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

காரணம் அந்தப் பத்து கிலோ மிச்சம் பிடித்த பைப்தான். முன் குறுக்குப் பைப், ஆள் ஏறியதும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவு தொய்கிறது. தொய்ந்தால் இரண்டு முனையிலும் இருக்கிற கிங்பின்கள் சாய்ந்து அடிப்பக்கம் வெளியே போகிறது. திருப்புகிற கைகள் அச்சுக்குப் பின்னால், பைப்பைவிடக் கீழே இருக்கின்றன. அவற்றை இணைக்கிற டை ராடு நீளமாகாது, அது பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, சக்கரங்கள் முன்னால் விரிகின்றன. இரண்டு சக்கரமும் ஆளுக்கொரு திசைக்குப் போகப் பார்த்துக்கொண்டே தரையில் தேய்கின்றன. மோட்டார் தன் சக்தியில் ஒரு பங்கை ரப்பரைத் தேய்க்கவே செலவழித்திருக்கிறது. டயரைத் தடவிப் பார்த்தால் ஓரம் முழுக்கச் சொரசொரப்பு.

குறுக்குப் பைப்புக்குக் கீழே இன்னொரு முக்கால் இஞ்ச் பைப்பை வில்லாக வளைத்துக் கொடுத்து, நடுவில் இரண்டு தாங்கு கட்டையும் வைத்து ஒட்டினேன். எடை முக்கால் கிலோ கூடியது. அப்புறம் ஆளை உட்காரவைத்த நிலையிலேயே டை ராடைத் திருகி நேர் செய்தோம். ஓட்டுநர் இரண்டு பேர், ஒருத்தி 43 கிலோ, இன்னொருவன் 52. ஆள் மாறினால் நூலும் மாறுமே என்று பார்த்தால், விதிப்படி அவள் எப்படியும் ஏழு கிலோ சுமந்தாகவேண்டும். மணல் வேண்டாம் என்று சொல்லி, வீட்டிலிருந்து ஒரு பையில் நெல் கொண்டுவந்து சீட்டுக்கு அடியில் கட்டிக்கொண்டாள். எடை கிட்டத்தட்டச் சமமாகிவிட்டது.

பலகையிலிருந்து விட்டோம். 34 மீட்டர்.

0.0088. ஆளோடு சேர்த்து 128 கிலோ எடைக்கு, 25 கிலோமீட்டர் வேகத்தில், விரிந்த சக்கரம் மட்டுமே 48 வாட் தின்றிருக்கிறது என்று கணக்குப்பிள்ளை போட்டுக் காட்டினாள். வெயில் உச்சியில் ஒரு பேனல் தருவதில் பாதிக்கு மேல். அன்றைக்கு மைதானத்தில் அதே 25-க்கு மீட்டர் 4 ஆம்பியருக்குக் கீழே நின்றது. பெரிய மோட்டார் பேச்சு அதோடு போச்சு.

தை பிறந்ததும் அறுவடை. பட்டறையில் பெல்ட் போட்ட அறுவடை மெஷின்கள் வரிசைகட்டி நிற்க, எனக்கு வண்டிப் பக்கம் திரும்பவே நேரமில்லை. பிள்ளைகள்தான் களத்தில் ஓட்டிப் பழகினார்கள். அப்போது வந்த ஒரு தொல்லையைச் சொல்லியே ஆகவேண்டும். வைக்கோல். களத்துக்குப் போகிற வழியெல்லாம் சிதறிக் கிடக்கும். ஹப்புக்கும் கிங்பின்னுக்கும் நடுவில் விரல் அகலச் சந்தில் ஒரு தாள் நுழைந்தால் போதும், சுற்றிச் சுற்றிக் கயிறாகி பேரிங் மூடியில் உரச ஆரம்பித்துவிடும். பெயின்ட் டப்பா மூடியை வட்டமாக வெட்டி அந்தச் சந்தை மறைத்தான் ஒரு பையன். நான் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது.

இன்னொன்று, வேகம். பையன்களுக்கு 30-ல் ஓட்ட ஆசை. காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 25-லிருந்து 30-க்குப் போனால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, காற்றுக்குக் கொடுக்கிற சக்தியோ 73 சதவீதம் கூடுகிறது. எங்கள் அளவீட்டில் 25-ல் ஒரு கிலோமீட்டருக்கு 8 வாட் மணி போனது, 30-ல் ஒன்பதரைக்கு மேல். பேனலைப் பெரிதாக நம்பாமல் பேட்டரியில் இருப்பதை ஆறு மணி நேரத்துக்குப் பங்கு போட்டால் 26, 27-க்கு மேல் போகக் கூடாது என்று வந்தது. முறுக்கி முறுக்கி விடுவதும் கூடாது, ஒரே சீராகப் போகவேண்டும்.

மாசிக் கடைசியில் குட்டியானையில் வண்டியை ஏற்றிக்கொண்டு வல்லம் போனோம். போய் இறங்கி, டிராக்கைச் சுற்றி நடந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. மேடு! 250 மீட்டருக்கு 5 மீட்டர் ஏற்றம். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது மேடாகவே தெரியாது. நாங்கள் டெல்டாக்காரர்கள். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் 40 கிலோமீட்டர், அவ்வளவுக்கும் சேர்த்து ஏற்றம் முப்பது மீட்டரைச் சுற்றித்தான். எங்கள் ஊரில் 5 மீட்டர் ஏற ஆறு கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். தஞ்சாவூரைத் தாண்டி வல்லம் பக்கம் போனால் வண்டல் முடிந்து செம்மண் மேடு தொடங்கிவிடும் என்பது தெரிந்த விஷயம்தான், ஆனால் பஸ்ஸில் போகிறவனுக்கு அது எங்கே உறைக்கிறது?

2 சதவீத மேட்டில் வண்டியை மேலே தூக்கவே 25 நியூட்டன் விசை வேண்டும். சமதளத்தில் சக்கர எதிர்ப்பு 11 நியூட்டன்தான். ஹப் மோட்டாருக்குக் கியரும் கிடையாது, வேகம் விழுந்தால் மின்சாரம் சூடாகத்தான் போகும். சார் தரையில் குச்சியால் கோடு கிழித்துப் பிள்ளைகளோடு பேசி முடிவு செய்தார்: மேட்டுக்கு முன்னால் 27 வரை கொண்டுபோய், ஏறும்போது 7 ஆம்பியரைத் தாண்டாமல், வேகம் விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிடுவது. உச்சிக்குக் கொஞ்சம் முன்பே திராட்டிலை விட்டுவிடுவது. இறக்கத்தின் அடியில் ஒரு வளைவு இருந்தது. உச்சியை 15-ல் தாண்டினால் மோட்டார் இல்லாமலே உருண்டு வளைவுக்கு 23, 24-ல் வந்து சேர்கிறது, பிரேக்கைத் தொட வேண்டாம். பிரேக்கைத் தொட்டால் ஏறும்போது கொடுத்த காசெல்லாம் சூடாகப் போச்சு.

சோதனையில் பிரேக், அவசர சுவிட்ச், பியூஸ், ஓட்டுநர் பத்து வினாடிக்குள் வெளியே வருகிறாரா என்பதெல்லாம் பார்த்தார்கள். பிரச்சினை இல்லை.

காலை ஒன்பதுக்குக் கொடி அசைத்தார்கள். முதல் ஒரு மணி நேரம் எங்களை எல்லோரும் தாண்டிப் போனார்கள். ஒரு வண்டி சீறிக்கொண்டு போனது, பெரிய மோட்டார் போலிருக்கிறது. எங்கள் பையன்களுக்கு முகம் தொங்கிவிட்டது. கணக்குப்பிள்ளை மட்டும் பிட் ஓரத்தில் சிலேட்டோடு நின்றாள். ஒவ்வொரு சுற்றுக்கும் சாக்பீஸால் ஓர் எண் எழுதித் தூக்கிக் காட்டுவாள்: 3.8. கொஞ்சம் மேகம் வந்தால் 3.5. ஓட்டுநர் சமதளத்தில் அந்த ஆம்பியரில் நிறுத்தவேண்டும். இந்த வகை லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. முக்கால்வாசி தீரும் வரை வோல்ட் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும், அப்புறம் சட்டென்று சரியும். அதனால் போன ஆம்பியர் மணியைக் கூட்டிக்கொண்டே வரவேண்டும், பேனல் கொடுத்ததைக் கழித்துக்கொண்டே வரவேண்டும். நோட்டில் இரண்டு பத்தி, பற்று, வரவு.

பன்னிரண்டு மணிக்கு ஆள் மாறினார்கள். இறங்கிய பையனின் சட்டை பிழிந்தால் சொட்டும். ஈரத் துண்டும் நீர்மோரும் கொடுத்து நிழலில் உட்காரவைத்தோம். நெல் பையைக் கட்டிக்கொண்டு அவள் ஏறினாள். ஒரு மணி வாக்கில் அந்தச் சீறிய வண்டி மேட்டில் நின்றுவிட்டது, பேட்டரி காலி. அடுத்து இன்னும் இரண்டு. எங்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. நம் கதியும் என்னவோ என்றுதான் இருந்தது.

கடைசி முக்கால் மணி நேரம் இருக்கும்போது நோட்டில் மிச்சம் 5 ஆம்பியர் மணி என்று வந்தது. மிச்சம் வைத்துக்கொண்டு முடித்தால் அது வீண். சார் யோசித்தார். கணக்குப்பிள்ளை சிலேட்டில் 4.6 எழுதிவிட்டாள். வண்டி நன்றாக எழும்பிப் போனது, முன்னால் போன ஒரு பள்ளியை இரண்டு தடவை தாண்டியது. முடிய ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது மேட்டு நடுவில் நின்றது. பேட்டரியைக் காவல் காக்கிற பிஎம்எஸ் வெட்டிவிட்டது. சுமையை எடுத்ததும் திரும்ப உயிர் வந்தது, மேட்டில் 7 ஆம்பியர் கேட்டதும் மறுபடி வெட்டியது. தள்ளிவிட அனுமதி இல்லை. அவள் பிரேக்கைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

108 முழுச் சுற்று, 140 கிலோமீட்டர். மூன்றாம் இடம். முதலில் வந்த வண்டி உயரம் குறைவு, ஓட்டுநர் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டே ஓட்டினார், 160-ஐத் தாண்டியது. எங்கள் கூரைப் பேனல் காற்றை வாரி வாங்கிக்கொண்டு போனதற்கு அதுதான் பதில். இரண்டாமிடத்துக்கும் எங்களுக்கும் ஒரு சுற்றுத்தான் வித்தியாசம் என்று தெரிந்ததும் அவள் அழுதுவிட்டாள். நெல்லைக் குறைத்துக் கட்டியிருக்கலாம் என்று ஒருவன் சொல்லப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஊருக்கு வந்து பேட்டரிப் பெட்டியைத் திறந்தோம். 16 செல். பதினைந்தும் 2.9-க்கு மேல் இருக்க, பதினொன்றாவது செல் மட்டும் 2.5-க்குக் கீழே கிடந்தது. நோட்டுக் கணக்கு தப்பில்லை, மொத்தத்தில் இன்னும் ஒன்றரை ஆம்பியர் மணி இருந்தது. ஆனால் தொடரில் ஒரு செல் கீழே போனால் பிஎம்எஸ் மொத்தத்தையும் நிறுத்திவிடும், அதுதான் அதன் வேலை. மேட்டில் அதிக ஆம்பியர் இழுத்தபோது இளைத்த செல்லின் வோல்ட் முதலில் விழுந்திருக்கிறது. அடுத்த முறை பொருத்துவதற்கு முன் ஒவ்வொரு செல்லையும் தனியாக முழுக்க ஏற்றி, ஒரே சுமையில் இறக்கி, அளவு பார்த்துத்தான் சேர்க்கவேண்டும். மொத்தமாக அளந்து பயனில்லை.

செலவு கேட்பார்கள். பேட்டரிதான் பெரிய தொகை, இருபதாயிரத்தை நெருங்கியது. பேனல், கன்ட்ரோலர்கள், மோட்டார், பைப், டயர் எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்தாயிரம் பக்கம். பழைய மாணவர்கள் போட்ட பணம். என் கூலியும் கரன்ட் பில்லும் கணக்கில் இல்லை.

இப்போது வண்டி பட்டறைச் சுவரில் நிமிர்த்திக் கட்டிக் கிடக்கிறது. ஜூனில் மேட்டூர் திறந்தால் கேஜ் வீல் வேலை வந்துவிடும், அதற்குள் சீட்டைச் சாய்த்து, கூரையை ஒரு சாண் இறக்கிவிட வேண்டும். பதினொன்றாவது செல்லை மாற்றியாயிற்று. முழு சார்ஜில் வெயில் காலத்தில் போட்டுவைத்தால் இந்தப் பேட்டரியின் ஆயுள் குறையும், அதனால் பாதி சார்ஜில் வைத்து, பட்டறையில் குளிர்ச்சியான மூலையில், மர அலமாரியில் வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை 16 செல்லையும் அளந்து எழுதுகிற வேலையைக் கணக்குப்பிள்ளை எடுத்துக்கொண்டிருக்கிறாள். வருகிற வருடம் அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. அதனால் நோட்டை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு இப்போதே பழக்கிக்கொண்டிருக்கிறாள்.